தண்ணீரில் கலையாத மை

பஞ்சை எடுத்தபோது இமைமுடிகளும் அதோடு வந்துவிட்டன.

ஒன்றிரண்டு அல்ல. ஒரு முழு வரிசை. கறுப்பாக, வளைந்து, ஈரப் பஞ்சின் மேல் கிடந்தது. படுக்கையில் இருந்த பெண்ணின் இடது கண்ணைப் பார்த்தேன். மேல் இமையின் விளிம்பில் ஒரு முடிகூட இல்லை.

இந்தக் கண் மருத்துவமனையில் சேர்ந்து ஏழு மாதம். அறுவைக்கு முன் கண்ணைச் சுற்றிச் சுத்தம் செய்வதுதான் என் வேலை. முந்நூறு கண்களுக்கு மேல் துடைத்திருக்கிறேன். யாருக்கும் இப்படி ஆனதில்லை.

"ஐயோ, பூரான்!"

கத்தியது எனக்குப் பின்னால் நின்ற சைரன் அக்கா. எங்கள் பிரிவின் மூத்த நர்ஸ். அவர் ரகசியம் பேசினால் லிஃப்ட்டில் இருப்பவர்களுக்குக் கேட்கும். அதனால் அந்தப் பெயர். கையிலிருந்த தட்டை அப்படியே போட்டுவிட்டார். நான் பஞ்சைச் சட்டென்று உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டேன்.

"பூரான் இல்லக்கா. பஞ்சு."

"பஞ்சுக்குக் கால் முளைக்குமாடி?"

"நூல் பிரிஞ்சிருக்கு."

நான் பொய் சொல்வேன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. நான் பேசுவதே அபூர்வம். என்னை ஊமைக்கோட்டான் என்றுதான் கூப்பிடுவார்.

"சரி சரி. இருபது நிமிஷத்துல தியேட்டருக்குள்ள போகணும். இமையில துளி மை இருந்தாலும் டாக்டர் திருப்பி அனுப்பிடுவார், பாத்துக்கோ." தட்டைப் பொறுக்கிக்கொண்டு வெளியே போனார்.

கதவு மூடியது. படுக்கையில் இருந்த பெண் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நல்ல வலுவான பிடி.

அவர் நீச்சல் டீச்சர். அன்று காலை குளத்தில் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது இடது கண்ணின் ஓரத்தில் ஒரு கறுப்புத் திரை இறங்கியிருக்கிறது. கண்ணாடியில் அழுக்கு என்று நினைத்து நீச்சல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்திருக்கிறார். திரை போகவில்லை. ஈரத் தலையோடு இங்கே வந்துவிட்டார். கூந்தலில் இன்னும் குளோரின் வாசனை அடித்தது. விழித்திரை ஓர் ஓரத்தில் கழன்றிருந்தது. ஈரச் சுவரில் காகிதம் பிரிவதுபோல என்று டாக்டர் விளக்கினார். நடுப்பகுதி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, இன்றே செய்தால் பார்வை தங்கும், தள்ளிப்போட்டால் உறுதி சொல்ல முடியாது என்றார்.

அவசரமாக வந்ததால் கண்ணில் மஸ்காரா அப்படியே இருந்தது. அதுவும் தண்ணீரில் கலையாத ரகம்.

நான் வேதியியல் படித்தவள். தண்ணீரில் கலையாதது எண்ணெயில் கலையும். அதற்கு மேல் இதில் சூத்திரம் எதுவும் இல்லை. மீதியெல்லாம் பொறுமை. கீழ் இமைக்கு அடியில் ஒரு பஞ்சுத் துண்டைப் பிறை வடிவில் வெட்டி வைத்தேன். இன்னொரு பஞ்சை எண்ணெய்த் திரவத்தில் நனைத்து, மூடிய கண் மேல் வைத்தேன். அழுத்தவில்லை. கழன்ற விழித்திரை இருக்கும் கண்ணை அழுத்தவே கூடாது. தேய்க்கவும் கூடாது. முப்பது வரை எண்ணினேன். இளகவில்லை. இன்னொரு முப்பது. பிறகு முடி வளரும் திசையில், மேலிருந்து கீழே, ஒரே இழுப்பாக மெதுவாக நகர்த்தினேன்.

எல்லாம் சரியாகத்தான் செய்தேன். முடி மட்டும் என் கையில் இருந்தது.

"ஸாரி மேடம். நான்... நான் இழுக்கவே இல்ல. டாக்டரைக் கூப்பிடறேன்."

"யாரையும் கூப்பிடாதம்மா," என்றார் டீச்சர். "அது என்னோட முடி இல்ல. கடையில வாங்கினது."

எனக்குப் புரியவில்லை. கையைத் திறந்து பார்த்தேன். முடிகளின் அடியில் மெல்லிய கறுப்புப் பட்டை ஓடியது. பட்டையில் பசை.

"அப்ப உங்க முடி?"

"இல்ல."

"இல்லைன்னா?"

"பிடுங்கிட்டேன்."

நான் என் இமையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். ஏன் என்று தெரியவில்லை.

"பதினாலு வயசுல பரீட்சைக்குப் படிக்கும்போது ஆரம்பிச்சது," என்றார், கூரையைப் பார்த்தபடி. "ஒண்ணு இழுத்தா ஒரு நிமிஷம் மனசு லேசாகும். அடுத்த நிமிஷம் இன்னொண்ணு கேக்கும். முளைக்க முளைக்கப் பிடுங்கிடுவேன். இப்ப முளைக்கறதே குறைஞ்சு போச்சு. எங்க அம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது. அவங்களும் போய்ச் சேந்தாச்சு."

"உங்க வீட்டுக்காரருக்கு?"

"தெரியவே தெரியாது. கல்யாணம் ஆகி ஒன்பது வருஷம். தினம் அஞ்சு மணிக்கு எழுந்து, அவர் முழிக்கறதுக்கு முன்னாடி ஒட்டிக்குவேன். விளக்கை அணைச்சப்புறம்தான் கழட்டுவேன்." சிரிக்கப் பார்த்தார். "தண்ணிக்குள்ள ரெண்டு மணி நேரம் நின்னாலும் அசையாத பசை. உங்க கையில வந்துடுச்சு பாருங்க."

ஒன்பது வருடம். மனதுக்குள் பெருக்கிப் பார்த்தேன். மூவாயிரம் காலைகளுக்கு மேல்.

"சரி, அதைத் திரும்ப ஒட்டிக் கொடுங்க," என்றார்.

"முடியாது மேடம். ஆபரேஷன் கண்ணுல எதுவும் ஒட்டக் கூடாது."

"முடிஞ்சப்புறம்?"

"ஒன்றரை மாசத்துக்காவது கூடாது. தினம் நாலு வேளை சொட்டு மருந்து போடணும்."

"யாரு போடுவா?"

மருந்துச் சீட்டை ஏற்கெனவே கணவரிடம் கொடுத்து, எப்படிப் போடுவது என்று சைரன் அக்கா கத்திக் கத்திச் சொல்லியாகிவிட்டது. கீழ் இமையை இழுத்து, முகத்துக்கு அருகே குனிந்து, ஒரு சொட்டு.

டீச்சர் எழுந்து உட்கார்ந்தார். "அப்ப வேண்டாம். நான் வீட்டுக்குப் போறேன். பத்து நாள் கழிச்சு வரேன். அவர் ஊருக்குப் போற சமயமா பாத்து."

"பத்து நாள்ல பார்வை போயிடும் மேடம்!"

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவரும் திரும்பிப் பார்த்தார். முடியில்லாத ஒரு கண்ணும் முடியுள்ள ஒரு கண்ணும். இடது கண் தோலுரித்ததுபோல இருந்தது. அந்தக் கண் நிஜமாகவே பயந்திருந்தது.

"ஒரு கண்ணுதானே? இன்னொண்ணு இருக்கு," என்றார்.

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எனக்கு அதுதான் தூக்கிவாரிப்போட்டது. அவர் கால் செருப்பைத் துழாவியது.

"இல்லைன்னா ஒண்ணு செய்ங்க," என்றார் பிறகு. "வெளியே போய் அவர்கிட்ட சொல்லுங்க. சொட்டு மருந்தை நர்ஸ்தான் வந்து போடணும், வீட்டு ஆளுங்க கண்ணைக் கிட்ட பாத்தாலே கிருமி ஒட்டிக்கும்னு. ஆஸ்பத்திரி ரூல்னு சொல்லுங்க. அவர் நம்பிட்டா நான் படுக்கறேன். இல்லைன்னா கிளம்பறேன்."

பதினைந்து நிமிடங்கள் இருந்தன. நான் வெளியே போனேன்.

கணவர் நடைபாதை நாற்காலியில் மருந்துச் சீட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குழாய் வேலை செய்பவர். பாதி வேலையில் வந்திருப்பார் போல. விரல் இடுக்கில் வெள்ளைப் பசை காய்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"சார், சொட்டு மருந்து..." என்று ஆரம்பித்தேன். எனக்குத் தெரியாதவர்களிடம் உண்மை பேசுவதே கஷ்டம்.

"நானே கேக்கணும்னு இருந்தேன் சிஸ்டர்." அங்குமிங்கும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அவ கண்ணுல முடி ஒட்டியிருப்பா. அதுக்கு மேல மருந்து பட்டா பசை கரைஞ்சு கண்ணுக்குள்ள போயிடாதா?"

நான் அவரையே பார்த்தேன்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"எட்டு வருஷமா தெரியும்."

"அவங்க சொன்னாங்களா?"

"எங்க சொல்றா! வாஷ்பேசின் அடைச்சுக்கிச்சு. கீழ குழாயைக் கழட்டினா பூரான் மாதிரி ஒண்ணு கிடக்கு. செருப்பைத் தூக்கிட்டு அடிச்சேன், சிஸ்டர். அடிச்சு அடிச்சுப் பாக்கறேன், ஓடவே மாட்டேங்குது. கையில எடுத்தா ஒட்டுது. அப்புறம் ஒருநாள் அவ தூங்கும்போது பாத்தேன்." நிறுத்தினார். "அன்னைக்கு ரொம்ப நேரம் பாத்துட்டு உக்காந்திருந்தேன்."

"ஏன் கேக்கல?"

"மறைக்கணும்னு நினைக்கறா. மறைஞ்சிருக்கட்டுமே. மாசம் ஒரு தடவை அவ குளத்துக்குப் போனதும் குழாயைக் கழட்டிச் சுத்தம் பண்ணி மாட்டிடுவேன். எங்க வீட்டுக் குழாய் மட்டும் அடைக்கறதே இல்லைன்னு அக்கம்பக்கத்துல பெருமை அடிச்சுக்குவா." லேசாகச் சிரித்தார். பிறகு கெஞ்சுகிற மாதிரி, "அந்த முடி வேண்டாம்னு நீங்களே அவகிட்ட சொல்லிடுங்க சிஸ்டர். நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவ தாங்கமாட்டா."

சரி என்று தலையாட்டிவிட்டுத் திரும்பினேன். கதவுவரை பத்தடி. உள்ளே இருப்பவர் சொல்லக் கூடாது என்கிறார். வெளியே இருப்பவரும் சொல்லக் கூடாது என்கிறார். தினம் நாலு வேளை வீட்டுக்குப் போய் மருந்து போட எங்களிடம் நர்ஸ் யாரும் இல்லை. இரண்டு பேர் பேச்சையும் கேட்டு நான் நல்ல பெண்ணாக இருந்தால் அந்தக் கண் போய்விடும்.

டீச்சர் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார்.

"சொன்னீங்களா? நம்பினாரா?"

"அவருக்குத் தெரியும்," என்றேன்.

"என்ன தெரியும்?"

"முடி. எட்டு வருஷமா. உங்க வாஷ்பேசின் குழாயில கிடைச்சிருக்கு. பூரான்னு நினைச்சு செருப்பால அடிச்சிருக்கார். மாசாமாசம் அவர்தான் எடுத்துப் போடறார்."

அவர் வாய் திறந்தது. மூடவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். அழுதுவிடுவார் என்று பயந்தேன். அழுதால் தேய்ப்பார், தேய்த்தால் விழித்திரை.

"எட்டு வருஷமா?"

"ஆமா."

"அப்ப நான் எதுக்குடி தினம் அஞ்சு மணிக்கு எழுந்தேன்?"

நான் அவர் கைகளையே கவனித்துக்கொண்டிருந்தேன்.

"குறட்டை விட்டுத் தூங்கறார்னு நினைச்சேன். பூனை மாதிரி நடந்து போய், இருட்டுல தடவித் தடவி ஒட்டினேன். ஜுரத்துலகூட ஒட்டினேன். அந்த ஆளு எல்லாம் தெரிஞ்சுக்கிட்டுக் குழாயைக் கழட்டிக் கழட்டி மாட்டிக்கிட்டு இருந்திருக்காரா? கல்லுளிமங்கன்!" குரல் உடைந்தது. கோபமா வேறெதுவுமா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. கை கண்ணுக்குப் போனது. நான் பாய்ந்து பிடித்தேன்.

"தேய்க்கக் கூடாது மேடம்."

அவர் கையை என் பிடியிலேயே விட்டுவிட்டார். பிறகு செருப்பை உதறிவிட்டுப் படுத்தார்.

"வலது கண்ணுலயும் எடுத்துடும்மா," என்றார்.

பஞ்சை நனைத்து மூடிய கண் மேல் வைத்தேன். முப்பது எண்ணினேன். இன்னொரு முப்பது. பட்டையின் ஓரம் தானாகத் தூக்கிக்கொண்டது. கீழ்நோக்கி நகர்த்தினேன், வந்துவிட்டது. பசையின் மிச்சத்தைப் பஞ்சுக் குச்சியால் இமை ஓரமாக ஒற்றி எடுத்தேன். குழந்தைகளுக்கான ஷாம்பூவை நிறைய வெந்நீரில் கலந்து எண்ணெயையும் துடைத்தேன். தோல் சிவக்கவில்லை. இரண்டு இமைகளின் நடுவிலும் பிடுங்கப்படாத குட்டி முடிகள் மூன்று நான்கு தெரிந்தன.

சைரன் அக்கா சக்கர நாற்காலியோடு வந்தார். "ஆச்சாடி, ஊமைக்கோட்டான்?" என்றவர் டீச்சரின் முகத்தைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்குச் சத்தம் வரவில்லை.

நடைபாதையில் கணவர் எழுந்து நின்றார். நாற்காலி நெருங்கியது. மனைவியின் முகத்தைப் பார்த்தார். பட்டப்பகல் வெளிச்சத்தில், மனைவி விழித்திருக்கும்போது, முதல்முறையாக. பிறகு என்னைப் பார்த்தார். மருந்துச் சீட்டு கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. முகம் வெளிறிவிட்டது. நான் தரையைப் பார்த்தேன்.

டீச்சர் கையை உயர்த்தி நாற்காலியை நிறுத்தச் சொன்னார்.

"என்ன அப்படிப் பாக்கறீங்க?" என்றார் கணவரிடம். "பூரானைக் காணோம்னு தேடறீங்களா?"