ஒரு கல்யாணம், இரண்டு பத்திரிகை

தாமோதரனுக்கு ஒரு வியாதி இருந்தது. கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் சொன்னதுதான் நியாயம் என்று தோன்றிவிடும். கிளைச் செயலாளராகப் பதினாலு வருஷம் குப்பை கொட்டிய மனுஷனுக்கு இது இருக்கலாமா என்று கேட்டால், எழுபத்திரண்டு ஐப்பசி வரைக்கும் இதனால் ஒரு தொந்தரவும் வந்ததில்லை. இருந்தது ஒரே கட்சி. பேசினவர்களும் ஒன்றையேதான் பேசினார்கள்.

அந்த ஐப்பசியில் கட்சி இரண்டாகப் பிளந்தது. உத்திரமேரூரைச் சுற்றி ஊருக்கு ஊர் கொடிக்கம்பத்தடியில் அடிதடி. தாமோதரனின் ஊரில் மட்டும் சத்தமில்லை. “செயலாளர் எந்தப் பக்கமோ நாங்களும் அந்தப் பக்கம்” என்று சொல்லிவிட்டுக் கிளையின் இருபது பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாய்தான் திறக்கவில்லை.

கிளைக்குப் பொருளாளர் கிதர் முகம்மது. உத்திரமேரூர் பஜாரில் மளிகைக் கடை வைத்திருப்பவர். கிளையைத் தொடங்கியதே இந்த இரண்டு பேரும்தான். கட்சிக்குள் நடக்கிற அநியாயம் பாய்க்குத் தெரியாததல்ல. வட்டச் செயலாளர் சின்னராசுவின் தம்பி காண்ட்ராக்ட் எடுத்துக் கட்டிய ஏரி மதகு முதல் மழையிலேயே கரைந்தபோது, தலைமைக்கு மூன்று கடிதம் எழுதியவர் அவர். பதில்தான் வரவில்லை.

“அதுக்காவ வூட்டையே வுட்டுட்டு ஓடறதா தாமோதரா? நாலாவது லெட்டர் எய்துவோம். மாநாட்டுல எய்ந்து நின்னு கேப்போம். உள்ள இருந்தாத்தான் கேக்க முடியும்” என்பார் பாய்.

அதானே என்று தோன்றும் தாமோதரனுக்கு.

அடுத்த நாள் பழையசீவரத்திலிருந்து ராஜாராம் வந்து உட்காருவார். தாமோதரனின் மகள் செங்கேணியை அவர் மகனுக்குத் தை மாசம் கொடுப்பதாக நிச்சயமாகியிருந்தது. “மூணு லெட்டருக்கு வாயத் தொறக்காதவன் நாலாவதுக்கா தொறப்பான்? புச்சா ஆரம்பிச்சாத்தான் உருப்படும் சம்பந்தி. நம்ம இருசப்பனே வந்துட்டாரு, பாத்துக்குங்க.”

அதுவும் அதானே. ராஜாராம் பஸ் ஏறிப் போன பிறகுதான் நினைவு வரும். சின்னராசுவுக்கு வலதுகையாக இருந்து, கரைந்துபோன அந்த மதகுக்கு ‘வேலை திருப்தி’ என்று கையெழுத்துப் போட்டதே இந்த இருசப்பன்தான். அப்புறம் புதுக் கட்சியில் என்ன புதுசு? தாமோதரனுக்குத் தலை சுற்றும்.

கட்சிக் குடும்பத்துக் கல்யாணத்துக்கு ஐயர் கிடையாது, தலைவர்தான். தாலி எடுத்துக் கொடுப்பதும் அவர், ஒரு மணி நேரம் பேசுவதும் அவர். பத்திரிகையில் ‘தலைமை’ என்று யார் பெயர் வருகிறதோ, அந்த ஆளின் கட்சிதான் அந்தக் குடும்பத்தின் கட்சி.

“தை பொறந்துட்ச்சி. எதாச்சும் ஒரு பேரப் போட்டு அட்ச்சிக்கினு வாய்யா” என்று மனைவி சொக்கம்மாள் விரட்டினாள்.

தாமோதரன் போய் இரண்டு பெயரையும் போட்டு அடித்துக்கொண்டு வந்தார். ஒரே பத்திரிகையில் அல்ல, இரண்டு பத்திரிகையாக. மாப்பிள்ளை வீட்டுக்கு இருசப்பன் தலைமை, கிளைக்காரர்களுக்குச் சின்னராசு தலைமை. இருவரில் ஒருத்தராவது அன்றைக்கு வராமல் போய்விடமாட்டாரா, வந்தவர் பக்கமே நாமும் என்று ஒரு கணக்கு. “பொண்ணு ஒண்ணுதானே?” என்று அச்சாபீஸ்காரர் இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் அச்சடித்தார்.

கிதர் முகம்மதுவுக்குத் தாமோதரன் தன் கையாலேயே பத்திரிகை கொடுத்தார். நாலு நாள் கழித்து ராஜாராம் பஜாருக்கு வந்தவர், சம்பந்தியின் சிநேகிதராயிற்றே என்று மரியாதையாகக் கடைக்குப் போய்த் தன் கையிலிருந்ததில் ஒன்றைக் கொடுத்தார்.

அன்று சாயங்காலமே பாய் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார். இரண்டு பத்திரிகைகளையும் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“நான் எந்தக் கல்யாணத்துக்கு வர்றது?”

தாமோதரன் இரண்டு பத்திரிகையையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார். “பேஜாரா பூட்ச்சி பாய். நீ சொன்னா நீ சொல்றது சரியாகீது, அவரு சொன்னா அவரு சொல்றது சரியாகீது. எனுக்கு ஒண்ணுமே புரியல.”

“எனுக்கு மட்டும் புரிஞ்சிக்கீதா? இந்தக் கட்சியத் திருத்த முடியும்னு எனுக்கும் பாதி நம்பிக்கதான். நீ புதுக் கட்சிக்குப் போறேன்னு சொல்லியிருந்தா, ரெண்டு நாள் திட்டிட்டு மூணாம் நாள் உன் பின்னால வந்திருப்பேன். என்னையும் ஊராரோட சேத்து ஏமாத்தப் பாத்தியே, அதாம்பா தாங்கல.”

சொக்கம்மாள் கொண்டுவந்த டீயைத் தொடாமலே போய்விட்டார்.

மறுநாள் தாமோதரன் கடைக்குப் போனார். “வாங்க, இன்னா வோணும்?” என்றார் பாய். பதினாலு வருஷமாக ‘நீ’ என்று கூப்பிட்ட வாய். தாமோதரன் வேண்டாத வெல்லத்தை வாங்கிக்கொண்டு திரும்பினார். வழியெல்லாம் அழுகை அழுகையாக வந்தது.

கல்யாணத்தன்று இரண்டு காரும் வந்து நின்றன. ஒன்றில் சின்னராசு, மற்றதில் இருசப்பன். பந்தலில் இருந்த கிளைக்காரர்கள் இருபது பேரும் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்கள்.

“இன்னா அண்ணே, எளச்சிட்டீங்க?” என்றார் இருசப்பன்.

“சுகர்றா தம்பி” என்று சிரித்துக்கொண்டே சின்னராசு அவர் தோளில் கை போட்டார்.

அப்புறம் ஒரு தகராறும் இல்லை. ஒருத்தர் தாலி எடுத்துக் கொடுத்தார், இன்னொருத்தர் மாலை எடுத்துக் கொடுத்தார். மைக்கில் ஒருத்தர் கட்சியை ஒருத்தர் கிழித்தார்கள். இறங்கி வந்து பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து, பாயசம் இன்னொரு தடவை கேட்டார்கள். மடித்துக் கட்டிய வேட்டியை என்ன செய்வதென்று தெரியாமல் இருபது பேரும் நின்றார்கள்.

தாமோதரன் பந்தல் வாசலுக்கும் பந்திக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

“யாரத் தேடறீங்க சம்பந்தி?” என்று கேட்டார் ராஜாராம்.

“எங்க பொருளாளர.”

“எந்தக் கட்சிக்குப் பொருளாளரு?”

தாமோதரன் யோசித்துப் பார்த்தார்.

“கட்சி தெரியல சம்பந்தி. அந்த ஆளு வரல.”