ஐனாலி மேட்டில் சூடேறிய வண்டி

என் பேத்தி நிகாரைப் பெண் கேட்டிருந்தவன் மோட்டார் சைக்கிளில் ஆளையும் பொதியையும் ஏற்றிப் பிழைப்பவன். பெயர் எல்தார். என் மகன் காலமாகிவிட்டதால், அவள் திருமணத்துக்குச் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டியவன் நான். நான் போட்டால் நடக்கும், போடாவிட்டால் நடக்காது. தப்ரீஸ் நகரக் கடைவீதியில் நான்கு தலைமுறையாகத் தோல் வியாபாரம் செய்யும் குடும்பம் எங்களுடையது. தெருமுனையில் நின்று "எங்கே போகணும்?" என்று கூவுகிறவனுக்கு அந்தக் கையெழுத்தைச் சும்மா தூக்கிக் கொடுத்துவிட முடியாது.

வழக்கப்படி அவன் தெருவுக்குப் போய் விசாரித்தேன். மளிகைக்காரர் தங்கம் என்றார். முடிவெட்டுபவர் மலக்கு, வானத்திலிருந்து இறங்கிய தேவதூதன் என்றார். ஒருவர் அவன் தாய்க்கு உறவு, மற்றவர் கல்யாண விருந்துக்கு இப்போதே பசியோடு இருப்பவர். விசாரிக்க வரும் கிழவனிடம் யாரும் உண்மை சொல்வதில்லை. வண்டி சொல்லும். எங்கள் ஊரில் பனி விழத் தொடங்கினால் அதை உருக்கத் தெருவெல்லாம் உப்பைக் கொட்டுவார்கள்; அந்த உப்பு இரும்பைத் தின்னும். குளிர்காலம் முழுக்க அந்த உப்புச் சேற்றில் ஓடிய வண்டியை, வசந்தப் புத்தாண்டான நவ்ரூஸ் நெருங்கும் நாளில் குனிந்து பார்த்தால், அதன் சொந்தக்காரன் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துவிடும்.

புறப்படும்போது மருமகள் மாஹ்ருக் வாசலில் நின்றாள்.

"மாமா, மாப்பிள்ளையைப் பாக்கப் போறீங்களா, வண்டியைப் பாக்கப் போறீங்களா?"

"வண்டியை."

"அப்ப பொண்ணையும் வண்டிக்கே குடுத்துடுங்க."

உள்ளே நிகார் சிரித்தாள். உடனே அடக்கிக்கொண்டாள். சில நாட்களாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை. என் காலணிகளை மட்டும் பளபளவென்று துடைத்து வாசலில் வைத்திருந்தாள்.

பெண் கேட்டு வந்தது அவன் தாயும் அக்காளும்தான். என்னை அவன் பார்த்ததில்லை. கடைவீதி வாயிலருகே வண்டிக்காரர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். ஒல்லியாக, அடர்ந்த மீசையோடு ஒருவன் முன்னே வந்தான்.

"வாங்க ஹாஜி! இடுப்பு நோகாம இறக்கிவிடறவன் இந்த ஊர்லயே நான் ஒருத்தன்தான். இவனுங்க வண்டியில ஏறினா எலும்பைத் தனியா மூட்டை கட்டித்தான் குடுப்பானுங்க."

"எல்தார் வண்டியில ஏறாதீங்க ஹாஜி," என்றான் இன்னொருவன். "கபாப் வாசனை வரும். பாதி வழியில பசிச்சிடும்."

ஐனாலி மலையடிக்குப் போக வேண்டும் என்றேன். மேட்டில்தான் வண்டியின் குணம் தெரியும். அவன் உடனே குனிந்து, குளிர்கால மறைப்பின் முடிச்சுகளை அவிழ்க்கத் தொடங்கினான். கைப்பிடியிலிருந்து காலடி வரை, கால்களையும் எஞ்சினையும் மூடிக் கட்டுகிற தார்ப்பாய் அது.

"வெயில் வந்துடுச்சு ஹாஜி. மேடு ஏறணும், ரெண்டு பேர் வேற. எஞ்சினுக்குக் காத்து வேணும்."

"என் முழங்காலுக்குக் காத்து வேண்டாம். இருக்கட்டும்."

"சூடேறிடும் ஹாஜி."

"இருக்கட்டும்னு சொன்னேன்."

என் முகத்தைப் பார்த்தான். மறுபடி கட்டினான்.

நிமிர்ந்து உட்கார்ந்தேன். வண்டியில் உட்கார்ந்தாலும் நாற்காலியில் உட்கார்ந்தாலும் என் முதுகு ஒரே மாதிரிதான் இருக்கும். நன்றாகவே ஓட்டினான். உருகிய பனிச் சேறு தேங்கிய இடங்களில், என் கால்சட்டையில் தெறிக்காதபடி வளைந்து போனான். மேடு தொடங்கியதும் முன்னால் கார்கள் அடைத்துக்கொண்டு நின்றன. அவற்றின் பின்னால் ஊர்ந்தோம். பாதி மேட்டில் எஞ்சினின் குரல் மாறியது. தகர டப்பாவில் ஆணிகளைப் போட்டுக் குலுக்குவது போன்ற சத்தம். இழுவை போய்விட்டது. எண்ணெய் கருகும் நாற்றமும், அதோடு ஆட்டுக் கொழுப்பு வறுபடும் மணமும் எழுந்தன. ஒரு ரொட்டிக் கடை முன்னால் ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்தான்.

ரொட்டிக்கு நின்ற வரிசை முழுக்க எங்கள் பக்கம் திரும்பியது.

"டேய், எஞ்சின் எரியுதா, உன் மத்தியானச் சாப்பாடு எரியுதா?" என்றார் ஒருவர்.

"சாப்பாடுதான் அண்ணே. தட்டு கொண்டாங்க, போடறேன்."

கடைக்காரரின் ஆள் ஒருவர், பருத்த தோள்காரர், நடைபாதையில் பனி தள்ளிக்கொண்டிருந்தார். மண்வாரி நிறையப் பனியை அள்ளிக்கொண்டு வந்தார்.

"தள்ளு. இதைக் கொட்டினா ரெண்டு நிமிஷத்துல ஆறிடும்."

எல்தார் கைகளை விரித்துக் குறுக்கே நின்றான். "வேணாம் அண்ணே. கொதிக்கிற இரும்புல பனி விழுந்தா விரிசல் விட்டுடும். தானா ஆறட்டும்."

எனக்கு முழங்கால் வலித்தது. தெருவில், ஊர் பார்க்க, பழுதான வண்டி பக்கத்தில் நான் நின்றதே இல்லை.

"கொட்டட்டும். நான் சொல்றேன்."

நரைத்த தாடிக்காரர் பொது இடத்தில் ஒன்று சொன்னால் எங்கள் ஊர் இளைஞன் மறுக்க மாட்டான். எல்தார் நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தான். ஆனால் இடத்தை விட்டு நகரவில்லை.

"என்னைத் திட்டுங்க ஹாஜி. ரெண்டு அறை குடுங்க, வாங்கிக்கறேன். பனி மட்டும் வேணாம்."

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. வீட்டுக்குப் போய் முடியாது என்று சொல்லிவிடுவது என முடிவு செய்துவிட்டேன். வேறு வண்டி பிடிக்கத் திரும்பிய நேரத்தில், மண்வாரிக்காரர் தன் பேச்சு எடுபடாத கோபத்தில் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கூவினார்.

"அட, இதைப் பாருங்கய்யா! மறைப்பை இன்னும் கழட்டலை! இந்த வெயில்ல, ரெண்டு பேரோட மேடு ஏறியிருக்கான்! ஏண்டா, கழுதைக்குக் கூட வெயில் வந்தாப் போர்வையை எடுப்பாங்களேடா!"

வரிசை சிரித்தது. "பாவம் அந்தப் பெரியவர், போயும் போயும் இவன்கிட்டயா மாட்டணும்," என்றாள் ஒரு பெண்.

எல்தாரின் காதுகள் சிவந்தன. என்னைக் கைகாட்டினால் போதும், சிரிப்பு முழுவதும் என் பக்கம் வந்திருக்கும். அவன் குனிந்து முடிச்சுகளை அவிழ்த்தான்.

"மறந்துட்டேன் அண்ணே," என்றான். என் திசையில் பார்க்கக்கூட இல்லை.

நான் யாரென்று அவனுக்குத் தெரியாது. அவனுக்கு நான் ஏதோ ஒரு சவாரி, அதுவும் பிடிவாதக்கார சவாரி. எஞ்சினைக் காப்பாற்ற என் சொல்லை மீறியவன், என் முகத்தைக் காப்பாற்றத் தன் தொழிலுக்கே கரி பூசிக்கொண்டான். என் அவமானத்தை இன்னொருவன் தோளில் ஏற்றிவிட்டு நடப்பது எங்கள் குடும்பத்தில் இல்லை.

"கழட்ட வந்தவனைத் தடுத்தது நான்," என்றேன். என் குரல் கடைக்குள் வரை போயிருக்கும். "சூடேறும்னு சொன்னான். நான்தான் கேக்கலை."

சிரிப்பு நின்றது. அந்தப் பெண் தலையை மூடியிருந்த சாதரின் முனையை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். மண்வாரிக்காரர் பனியைச் சத்தமில்லாமல் கீழே சரித்தார்.

"போச்சு ஹாஜி," என்றான் எல்தார். "நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு. இப்ப அந்தப் பனியை உங்க தலையில கொட்டப் போறாங்க."

வரிசை மறுபடி சிரித்தது. நான் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பது அவ்வளவு சுலபமாகவும் இல்லை.

கடைக்காரர் கூழாங்கற்கள் மேல் சுட்ட சூடான ரொட்டி ஒன்றை மடித்துக் கொடுத்தார். எல்தார் வண்டியைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி நிறுத்திவிட்டு, ரொட்டியில் ஒட்டியிருந்த சிறு கற்களைத் தட்டிவிட்டுப் பிய்த்து, பெரிய துண்டை எனக்குத் தந்து, கடைப் படியில் என்னை ஒட்டி உட்கார்ந்தான். நான் குனிந்து வண்டியைப் பார்த்தேன். எங்கே பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். எங்கள் கிடங்கு வண்டிகள் மூன்று குளிர்காலத்தில் சல்லடையாகிப் போனவை. இந்த வண்டியின் புகைக்குழாய் சேருமிடம், சக்கரக் கம்பிகளின் முனைகள், இருக்கைக்கு அடியில் உள்ள சட்டம் எல்லாம் எண்ணெய்ப் பளபளப்போடு கறுப்பாக இருந்தன. எஞ்சினைக் காற்றில் ஆற்றுகிற இரும்பு இதழ்களுக்கு நடுவே ஒரு துளிச் சேறு இல்லை.

"துரு தேடறீங்களா ஹாஜி? அங்க இல்ல, இங்க பாருங்க." ரொட்டித் துண்டால் பின்சக்கர மூடியின் உள்விளிம்பைக் காட்டினான். "போன வருஷம் உப்பு தின்ன இடம்."

"மேல பெயின்ட் அடிச்சு மறைச்சிருக்கலாமே?"

"அடிக்கலாம். உள்ள இருந்து தின்னுக்கிட்டே இருக்கும், எனக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரிஞ்சா தினம் ஒரு தடவை திட்டிட்டுத் துடைப்பேன்."

வேலை முடிந்ததும் வண்டியைக் கழுவிவிட்டுத்தான் தான் கை கழுவுவானாம். சுடுநீர் ஆகாது, உப்புக்கு அது தெம்பு கொடுக்கும், பச்சைத் தண்ணீர்தான் என்றான். துணியால் ஈரம் ஒற்றி எடுத்து, ஆட்டின் வால் கொழுப்பை உருக்கி எண்ணெயோடு கலந்து, வாத்து இறகால் மூலை முடுக்கெல்லாம் தடவுவான். எஞ்சின் இதழ்களில் மட்டும் தடவ மாட்டான். அங்கே பழைய பல்துலக்கிதான்.

"வால் கொழுப்பையா? உங்க அம்மா சும்மாவா விடறாங்க?"

"'வண்டிக்கு ஊட்டறியே, நான் எதைப் போட்டுச் சமைப்பேன்?'னு தினமும் சண்டைதான்."

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஒரு பொண்ணைக் கேட்டிருக்கோம். நான் பொதி இறக்கற மருந்துக்கடையில வேலை பாக்குது. தாத்தா ஒருத்தர் இருக்கார், அவர் சரின்னு சொல்லணும்."

"எப்படிப்பட்டவர்?"

"தோல் வியாபாரி. தோலை விடக் கெட்டின்னு கேள்வி. ஊர்ல பாதிப் பேர்கிட்ட என்னைப் பத்தி விசாரிச்சுட்டாராம். இன்னும் என் வண்டியைத்தான் விசாரிக்கலை."

"விசாரிச்சாச்சு," என்றேன்.

ரொட்டி அவன் வாயிலேயே நின்றுவிட்டது. மெல்ல எழுந்தான். மேற்சட்டையின் பொத்தான்களைக் கழுத்து வரை போட்டுக்கொண்டான்.

"ஹாஜி... அந்தப் பனி விஷயத்துல நான்..."

"அதுக்கு மன்னிப்புக் கேட்டா கையெழுத்துப் போட மாட்டேன். என் முகத்துக்கு நேரா முடியாதுன்னு சொல்றவங்க எங்க வீட்டுல யாரும் இல்ல. ஒருத்தன் இருக்கட்டும். வியாழக்கிழமை சாயங்காலம் அம்மாவைக் கூட்டிட்டு வா."

அவன் வண்டியிடம் ஓடினான். உதைத்துக் கிளப்பி நேராக மருந்துக்கடைக்குப் பறப்பான் என்று நினைத்தேன். மண்டியிட்டு, எஞ்சின் இதழில் விரலை வைத்தான். சட்டென்று இழுத்துக்கொண்டான்.

"இன்னும் கொஞ்ச நேரம் ஆகும் ஹாஜி," என்றான். திரும்பி வந்து என் பக்கத்தில், இம்முறை மரியாதையான இடைவெளி விட்டு உட்கார்ந்தான். அவன் முழங்கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.