கஜபதி பள்ளியின் நூற்றுக்கு நூறு

“வாசப்படியிலயே நிறுத்தி அனுப்சது நீ. இப்போ பொண்ணு ஸ்கூலுக்கே வர்லன்னு சொல்றதும் நீயா? இன்னா நாயம் டீச்சரே இது?”

நாகவல்லியின் அம்மா வேம்புலியம்மாளின் குரல் மேனாம்பேட்டுக் கஜபதி நடுநிலைப்பள்ளியின் ஓட்டுக் கூரையைத் தாண்டித் தெருக்குழாய் வரை கேட்டது. குடம் நிரம்பி வழிந்தும் அங்கே ஒருத்தியும் நகரவில்லை.

தலைமையாசிரியை ஞானகுமாரியும் லேசுப்பட்டவள் அல்ல. “தம்பிப் பாப்பாவ இடுப்புல தூக்கிக்கிட்டு வந்தா வகுப்புல எப்படிம்மா உட்கார வைக்கிறது? வருகை பத்தல. நாகவல்லி இந்த வருஷம் எட்டாவது பரீட்சை எழுத முடியாது.”

“எய்தலன்னா அவ்ளோதான். அவ நைனா மாப்ள பாத்துக்கினு கீறாரு. பரீச்ச முடியட்டும்னு நான்தான் தள்ளிக்கினு வர்றேன்.”

வருகை ஒரு சாக்கு. கஜபதி பள்ளி என்றால் எட்டாவதில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி. ஞானகுமாரி அந்தப் பெருமையிலேயே நடந்தாள், உட்கார்ந்தாள். அது வந்த வழி ஊருக்கே தெரியும். ஏரிப் பாசன வயலில் நாற்று நட்டவர்கள் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எஸ்டேட் கம்பெனிகளில் மூட்டை தூக்கப் போன பிறகு, அவர்கள் பிள்ளைகளால் முதல் வகுப்பில் பெஞ்சு கொள்ளாது. மாதா கோயில் தெருப் பிள்ளைகள் கொஞ்சம் பேர். ஃபிட்டர் வீட்டுப் பிள்ளைகள் இடம் கிடைத்ததும் கான்வென்டுக்குப் பறந்துவிடுவார்கள். மீதியில் தேறாதவர்களைப் பரீட்சைக்கே அனுப்புவதில்லை. கல்லையெல்லாம் பொறுக்கிப் போட்டுவிட்டு அரிசி சுத்தம் என்பது போல.

அந்த நேரம் பார்த்து எஸ்டேட்டில் பகல் ஷிப்டுச் சங்கு ஊதியது. வேம்புலியம்மாள் இடுப்பிலிருந்த கைக்குழந்தை மதுரைவீரனை எடுத்துத் தலைமையாசிரியை மடியில் வைத்தாள்.

“நீயே ஒரு நாள் பாத்துக்கோ. பாத்துட்டு அப்பறம் சொல்லு.”

போயே போய்விட்டாள்.

மதுரைவீரன் முதலில் மைக்கூட்டைக் கவிழ்த்தான். அடுத்து வெள்ளைச் சேலையை நனைத்தான். ஞானகுமாரியால் பாடமும் நடத்த முடியவில்லை, வருகைப் பதிவும் எடுக்க முடியவில்லை. உதவி ஆசிரியர் எட்மண்ட் டீக்கடையில் பால் வாங்கி வந்து, சிரிப்பை மென்று விழுங்கியபடி நீட்டினார். அம்மாவோடு வந்திருந்த நாகவல்லி, தம்பி இல்லாமல் எட்டாம் வகுப்பு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வெறும் இடுப்போடு உட்கார்ந்து பழக்கமில்லாததால் ஒரு பக்கமாகச் சாய்ந்தே எழுதினாள். ஜன்னல் வழியாக அதைப் பார்த்த ஞானகுமாரிக்குக் குழந்தையின் கனம் அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் தலைமையாசிரியை அறை விட்டத்தில் பழஞ்சேலைத் தூளி தொங்கியது. நாகவல்லியின் பெயரும் பரீட்சைக்குப் போனது.

அம்பத்தூரில் பரீட்சை நடந்த நாட்களில், அந்தப் பள்ளிக்கு வெளியே புங்கமரத்தடியில் கல்யாணமாகாத ஞானகுமாரி கையில் குழந்தையோடு நிற்க, பக்கத்தில் எட்மண்ட் கிலுகிலுப்பை ஆட்டினார். இதைப் பார்த்த ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா?

நாகவல்லி கணக்கில் தவறினாள். நூற்றுக்கு நூறு போயிற்று. நிர்வாகி கஜபதி ஒரு வாரம் ஞானகுமாரியோடு பேசவில்லை. ஆனால் மாப்பிள்ளைப் பேச்சோடு நாகவல்லியின் அப்பா துலுக்கானம் வந்து நின்றபோது ஞானகுமாரி முகம் மாறாமல் சொன்னாள்:

“தவறினவங்க மறுபடியும் எழுதியாகணும். அதுக்குள்ள கல்யாணம் பண்ணக் கூடாதுன்னு ரூல் இருக்கு.”

“ரூலா? எனக்குத் தெரியாதே டீச்சர்.”

“புதுசா வந்தது.”

ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவள் வாயில் இப்படியொரு பொய். எட்மண்ட் பக்கத்தில் நின்று பெரிதாகத் தலையாட்டினார்.

நாகவல்லி அடுத்த வருஷம் தேறி, அம்பத்தூரில் மேலே படித்து, எஸ்டேட்டில் கணக்கெழுதப் போனாள். சில வருஷம் கழித்துத் தானே பார்த்துச் சரியென்று சொன்ன லேத் ஆபரேட்டரைக் கட்டிக்கொண்டு திருமுல்லைவாயிலுக்குப் போய்விட்டாள். ஞானகுமாரி எட்மண்டைக் கல்யாணம் செய்துகொண்டு பூந்தமல்லிக்குக் குடிபோனாள். இருவரில் யார் முதலில் கேட்டது என்பதை மட்டும் குழாயடியில் எவ்வளவு துருவியும் கண்டுபிடிக்க முடியவில்லை.