பூஜையறை ரவுட்டர்

பேஸ்மென்டில் குடியிருக்கும் பெண் பகலெல்லாம் வீட்டிலேயே இருந்தால் அவளுக்கு வேலைவெட்டி இல்லை என்பது மங்கையற்கரசியின் தீர்ப்பு. கனடாவின் அஜின்கோர்ட்டில் உட்கார்ந்துகொண்டு ஆம்ஸ்டர்டாமில் இருக்கும் சைக்கிள் வாடகைக் கம்பெனிக்கு மென்பொருள் எழுதுவதாகப் பவ்யா எத்தனை முறை சொன்னாலும் வீட்டுக்காரி காதில் ஏறவில்லை. "ஓம் பிள்ளை, வீட்டிலதானே நிக்கிறீர். குழாய் திருத்திற ஆள் வந்தால் கதவைத் திறந்துவிடும்" என்பாள்.

ஆனாலும் ஆரம்பத்தில் நன்றாகத்தான் போனது. மேலிருந்து புட்டு வரும், சம்பல் வரும். ஒருநாள் மங்கையற்கரசி படிக்கட்டில் உட்கார்ந்து, ஒஷாவாவில் இருக்கும் மகள் பிரதீபாவுக்கு இரண்டு தடவை கரு கலைந்த கதையைச் சொல்லி அழுதாள். இப்போது மூன்றாவது, ஐந்தாம் மாதம். பவ்யா அவள் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே அழுதாள். அந்த உரிமையில்தான், மூன்று வாரத்துக்கு முன் திருநெல்வேலியில் சித்தப்பா இறந்துபோன செய்தி வந்ததும் மேலே ஓடிப்போய்ச் சொன்னாள். சொல்லியிருக்கவே கூடாது.

மங்கையற்கரசி தீட்டுப் பட்டுவிடும் என்பதுபோல இரண்டடி பின்னால் போனாள். "சித்தப்பா எண்டால் உமக்குத் துடக்கெல்லே? முப்பத்தொரு நாள் முடியுமட்டும் மேல்வீட்டுக்கு வரவேண்டாம் பிள்ளை. பிரதீபாவுக்காகக் கந்தசட்டி பிடிக்கப்போறன்."

ஐயோ பாவம் என்று ஒரு வார்த்தை கிடையாது. படிக்கட்டின் உச்சியில் இருந்த கதவு சாத்தப்பட்டது. புட்டும் நின்றுபோனது. பவ்யாவுக்கு வயிறு எரிந்தது.

சித்தப்பாவுக்குப் பதினாறாம் நாள் காரியம் நான்கு நாளைக்கு முன்பே முடிந்துவிட்டது. தீட்டுக் கழிந்தது என்று அப்பாவே போனில் சொன்னார். திருநெல்வேலிக் கணக்கு அதோடு சரி. மேல்வீட்டுக் கணக்கில் இன்னும் பதினொரு நாள் பாக்கி இருந்தது.

இன்று கந்தசஷ்டியின் கடைசி நாள். பவ்யாவுக்கு இன்றுதான் ஆறு மாதச் சோதனைக் காலம் முடிகிறது. காலை ஒன்பது மணிக்கு, அங்கே மாலை மூன்று, மேலாளர் எட்வேட்டுக்குத் தான் செய்ததை அவள் ஓட்டிக் காட்ட வேண்டும். தேறினால் நிரந்தர வேலை, ஆம்ஸ்டர்டாமுக்கு விசா. தேறாவிட்டால் ஜனவரியில் கனடா பெர்மிட்டும் முடிந்து ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். இரண்டு முறை பேச்சின் நடுவே இணைப்பு அறுந்துபோனதில் எட்வேட் ஏற்கெனவே கடுப்பில் இருந்தார். வேலை நன்றாக இருக்கிறது, ஆனால் கூப்பிடும்போது ஆள் இருக்க வேண்டும் என்று மரியாதையாகவே எச்சரித்திருந்தார்.

எட்டு ஐம்பதுக்கு இன்டர்நெட் போனது.

ரவுட்டர் இருந்தது மேலே, பூஜையறையில். வீட்டுக்கு நடுவில் இருந்தால் எல்லா அறைக்கும் கிடைக்கும் என்று மங்கையற்கரசியின் கணவர் குலசிங்கம் அங்கே சாமித் தட்டின் கீழ்ப்பலகையில் வைத்திருந்தார். அவர் விடியற்காலையிலேயே வேலைக்குப் போய்விட்டார். பேஸ்மென்டில் கைபேசிக்குச் சிக்னல் கிடையாது. காட்ட வேண்டியது முழுக்க மேசைக்கடியில் இருந்த பெரிய கம்ப்யூட்டரில் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு தெருவில் போய் நிற்கவா முடியும்?

பவ்யா படியேறிக் கதவைத் தட்டினாள். "ஆன்ட்டி, ரவுட்டர் பிளக்கை ஒரு தடவை பிடுங்கிட்டுத் திரும்ப மாட்டிடுங்க. ஒரே நிமிஷம்."

"கும்பத்துக்கு முன்னால இருக்கிறன். பூசை முடியட்டும்."

"ஒன்பது மணிக்கு எனக்கு மீட்டிங். வேலையே போயிடும் ஆன்ட்டி."

"வீட்டிலதானே நிக்கிறீர். பிறகு கதையுமன்."

அந்தச் சொல்லைக் கேட்டதும் பவ்யாவுக்குத் தலைக்கு ஏறிவிட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு நேரே பூஜையறைக்குள் போனாள். மங்கையற்கரசி வாயில் தேவாரத்தோடு அப்படியே உறைந்தாள். பவ்யா குனிந்து பிளக்கைப் பிடுங்கினாள், மாட்டினாள், பச்சை விளக்கு வந்ததும் திரும்பிப் பார்க்காமல் கீழே ஓடினாள். ஒன்பது மணிக்குச் சரியாக எட்வேட்டின் முகம் திரையில் தெரிந்தது.

பத்து நிமிடம் எல்லாம் ஒழுங்காக ஓடியது. எட்வேட் தலையாட்டினார், ஒரு இடத்தில் சிரிக்கவும் செய்தார். மேலே மங்கையற்கரசி அழுதுகொண்டே பூஜையறையைக் கழுவத் தொடங்கியிருந்தாள். ஆறு நாள் பாலும் பழமுமாகக் கிடந்து பிடித்த விரதத்தில், கடைசி நாளில் துடக்கு நுழைந்துவிட்டது. சுவர், தரை, சாமித் தட்டு, துடக்குக்காரி கைபட்ட இடம் என்று ஒன்று விடாமல் வாளியிலிருந்து மஞ்சள் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றினாள். கைபட்ட இடத்தில் முதலாவது ரவுட்டர்.

எட்வேட் வாயைத் திறந்தபடி திரையில் நின்றுபோனார்.

மறுபடி படியேறினால் கதவு உள்ளே பூட்டியிருந்தது. தட்டிப் பார்த்தாள், கத்திப் பார்த்தாள், திறக்கவில்லை. எட்வேட்டிடம் விளக்கம் சொல்லவாவது மடிக்கணினியை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்திலிருந்த டோனட் கடைக்கு ஓடி, அங்கே இணைப்புக் கிடைத்தபோது ஒன்பதே முக்கால். எட்வேட்டின் மின்னஞ்சல் அவளுக்கு முன்பே வந்து காத்திருந்தது. நான்கே வரி. சோதனைக் காலத்தோடு நிறுத்திக்கொள்கிறோம், வாழ்த்துகள்.

பவ்யா திரும்பி வந்து, பின்கதவால் போகாமல் முன்கதவைத் தட்டினாள். மங்கையற்கரசி ஈரச் சேலையோடு திறந்தாள்.

"இந்த மாசத்தோட வீட்டை விட்டிடும். உம்மட வேலைக்காக என்ரை பிள்ளையின்ரை வயித்தில கை வைச்சிட்டீர்."

"வேலை போயிடுச்சு" என்றாள் பவ்யா. எங்கே அடித்தால் வலிக்கும் என்று அவளுக்குத் தெரியும். படிக்கட்டில் உட்கார்ந்து அழுதபோது மங்கையற்கரசியே காட்டிக்கொடுத்த இடம்தான். "நல்லா கேட்டுக்கோங்க. உங்க பொண்ணு இந்தத் தடவையும் வெறுங்கையோடதான் ஆஸ்பத்திரியில இருந்து வருவா."

மங்கையற்கரசி கதவைப் பிடித்தபடியே சரிந்து தரையில் உட்கார்ந்தாள். பவ்யாவுக்கு அதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

"பிள்ளை, வாடகை ஒண்டும் தரவேண்டாம். எவ்வளவு நாளெண்டாலும் இரும்" என்று அவள் பவ்யாவின் காலணியைத் தொட வந்தாள். துடக்கெல்லாம் மறந்துபோயிருந்தது. "அந்தச் சொல்லை மட்டும் திருப்பி எடுத்திடும். பொய்க்கெண்டாலும் சொல்லும்."

சாபத்தில் பவ்யாவுக்கு ஒரு துளியும் நம்பிக்கை இல்லை. எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்ல வாய் வலிக்கப்போவதும் இல்லை. அவள் காலை இழுத்துக்கொண்டு, பின்பக்கமாகச் சுற்றிப்போய், பெட்டியை இறக்கித் துணிகளை அடுக்க ஆரம்பித்தாள்.