அண்ணி பின்னிய கேபிள்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை இன்று காலை என் கணினிப் பெட்டிக்குள் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை இந்த வீட்டை விட்டுத் தனியறைக்குக் குடிபோகிறேன். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றித் தனியாகக் கொண்டுபோகலாம் என்று பெட்டியைத் திறந்தால், உள்ளே கேபிள்களுக்குச் சடை பின்னியிருக்கிறது! நுனியில் குட்டி ரப்பர் பேண்டு வேறு. இந்த வீட்டில் இப்படிப் பின்னத் தெரிந்தவர் ஒருவர்தான். அழகு நிலையம் நடத்தும் என் அண்ணி.

வேலை போய் நான் இங்கே அண்ணன் வீட்டுக்கு வந்து ஏழு மாதமாகிறது. அவருக்கு நான் பாரம் என்றுதான் இன்று காலைவரை நினைத்திருந்தேன்.

(கதைக்குள் அண்ணியை 'அவள்' என்றும் என்னை 'நாத்தனார்' என்றும் எழுதப்போகிறேன். நேரில் அந்தத் தைரியம் கிடையாது.)

2.

மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலையில், அவள்…

வேண்டாம். மழையா இப்போது முக்கியம்?

மறுபடியும். போன மாதம் ஒருநாள். நாத்தனார் தன் மொழிபெயர்ப்பைப் பகல் பன்னிரண்டு மணிக்குள் அனுப்பியாக வேண்டும். முந்தின நாள் முழுக்கக் கணினி சூடாகிச் சூடாகி நின்றுபோய், அழாத குறை. நாத்தனார் வெளியே போன நேரம் பார்த்து அண்ணி பெட்டியைத் திறந்தாள். உள்ளே தூசி அப்பிக் கிடந்தது. தன் கடையிலிருந்து முடி உலர்த்தும் கருவியைக் கொண்டுவந்து, குளிர்காற்றில் வைத்து ஊதினாள். கேபிள்கள் தலைவிரிகோலமாகத் தெரிந்தன. கை சும்மா இருக்குமா? எல்லாவற்றையும் கழற்றி, மும்மூன்றாகப் பின்னி, மறுபடி செருகினாள்.

(நாத்தனாரைக் கொஞ்சம் சிடுமூஞ்சியாக்கினால்தான் கதை நிற்கும். அதற்கு நான் மெனக்கெடத் தேவையில்லை.)

3.

பொத்தானை அழுத்தினாள். விசிறி சுற்றியது. திரை இருட்டு. இன்னொரு முறை. இருட்டு. மணி பதினொன்று.

புருஷனுக்குப் போன் போட்டாள். அவன் 'ராம்' என்கிற நினைவக அட்டையைக் கழற்றி மாட்டச் சொன்னான். மாட்டினாள். திரையின் கேபிளை அசைத்துப் பார்க்கச் சொன்னான். பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில், தங்கச்சியிடம் தானே விஷயத்தைச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டான்.

"வேண்டாம். ஏற்கெனவே நம்ம வீட்ல ஒட்டாம இருக்கா. இது வேற தெரிஞ்சா கிளம்பியே போயிடுவா" என்றாள் அண்ணி.

(இந்த வசனம் என் கற்பனை. கற்பனையாகவே போய்விடக் கூடாதே என்று எனக்குப் பயமாக இருக்கிறது.)

4.

இனிமேல்தான் எனக்குக் கை பரபரக்கிறது! முதலில் ஒரு மெக்கானிக்கை வரவழைத்து…

இல்லை, யாரும் வரவில்லை. என்னிடம் சாட்சி இருக்கிறது. பெட்டிக்குள் ஒரே ஒரு பின்னல் மட்டும் பிரிக்கப்பட்டு, கேபிள்கள் நெளிநெளியாகத் தொங்குகின்றன.

பின்னினால் முடி குட்டையாகும். அண்ணிக்குத் தெரியாததா? கேபிளும் குட்டையாகியிருந்தது. கணினியின் மூளையான செயலிக்கு மின்சாரம் கொண்டுபோகும் கேபிள் எட்டாமல் இழுபட்டு, அதன் முனை நகக்கண் அளவு மேலே தூக்கிக்கொண்டு நின்றது. அட, இவ்வளவுதானா! பின்னலைப் பிரித்தாள். டிக்கென்று உட்காரும்வரை அழுத்தினாள். பொத்தானைத் தட்டினாள். திரையில் வெளிச்சம்!

அண்ணி கைதட்டியிருப்பாள். தட்டினாள் என்றே எழுதிக்கொள்கிறேன்.

பதினொன்றேமுக்காலுக்கு நான் வந்தேன். பெட்டி சத்தமில்லாமல் ஓடியது. நேரத்துக்கு அனுப்பிவிட்டேன். வியர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்த அண்ணியிடம் என்ன ஆயிற்று என்றுகூட நான் கேட்கவில்லை. அந்த வெட்கம் இப்போது பிடுங்கித் தின்கிறது.

5.

முதல் முடிவு: ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் கிளம்புகிறாள். அண்ணி வாசல்வரை வந்து, பார்த்துப் போகச் சொல்கிறாள். இரண்டு பேரும் மரியாதையாகவே பிரிகிறார்கள்.

இரண்டாவது முடிவு: நாத்தனார் ஓடிப்போய் அண்ணியைக் கட்டிக்கொண்டு…

ம்ஹும். எனக்கு அதெல்லாம் வராது. எழுதத்தான் வரும்.

அதனால் இதை அச்செடுத்து உங்கள் கைப்பைக்குள் வைக்கிறேன், அண்ணி. இந்தக் கதைக்கு நீங்கள் ஒருவர்தான் வாசகர். புது அறையின் சாவியை நான் இன்னும் வாங்கவில்லை.

போகட்டுமா, இருக்கட்டுமா?