இரண்டாவது ஜோடி

"இன்னும் ஒரு கை போடும்மா," என்றான் நீல்.

அவன் அம்மா பிரெண்டா அரிசியை அள்ளிப் போட்டாள். சமையலறைத் தராசின் முள் கால் கிலோவைத் தாண்டியது. பழைய நைலான் காலுறையின் பாதத்தை வெட்டி, அதற்குள் அந்த அரிசியைக் கொட்டி, வாயை முடிந்து மேஜைமேல் வைத்தாள். ஒன்று ஏற்கெனவே தயாராக இருந்தது. எதிரில் நீலின் மனைவி லோர்னா ஆறிப்போன தேநீரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பேச்சு அவள் மார்பைப் பற்றியது. அந்தப் பேச்சில் அவளுக்குத்தான் இடமில்லை.

"நாளைக்கு கிளப்புக்கு இதை உள்ள வச்சுக்கிட்டு வா கண்ணு. இப்ப இருக்கறதோட இதுவும் சேர்ந்தா புது அளவு எப்படி இருக்கும்னு பாத்துடலாம். எல்லாரும் இப்படித்தான் பாக்கறாங்க," என்றான் நீல் அவளிடம்.

"நாலு பேருக்கு நடுவுலயா?"

"நாலு பேரு பாக்கத்தானே," என்றாள் பிரெண்டா. "எப்படியும் கத்தி படப்போகுது. தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன முழம் என்ன."

மார்புக்குள் இருந்த முதல் ஜோடி சிலிக்கான் பையும் இதே மாமியார் வைத்த சீர்தான். கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்பு, லோர்னாவுக்கு இருபத்திரண்டு வயதில். வட இங்கிலாந்தின் போல்டனில் அந்த ரயில்வே கிளப்பைச் சேர்ந்த குடும்பங்களில் அது ஒரு வழக்கமாகவே ஆகியிருந்தது. கல்யாணத்துக்கு ஒன்று, இருபதாம் ஆண்டுக்குப் பெரிதாக இன்னொன்று. புருஷன் பெண்டாட்டிக்குத் தரும் பரிசாம். வாங்குகிறவளுக்கு வேண்டுமா என்று கேட்காமல் தருவதற்குப் பெயர் பரிசு என்றால், எதற்குத்தான் அந்தப் பெயர் வைக்கக்கூடாது?

இடது பக்கப் பை உள்ளே கிழிந்து கசிகிறது, எடுத்தே ஆகவேண்டும் என்று ஸ்கேனில் சொல்லிவிட்டார்கள். லோர்னாவுக்கு உள்ளூர ஒரு நிம்மதி. முதுகுவலி ஓயும், குப்புறப் படுக்கலாம். ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் மெதுவாக, "ரெண்டையும் எடுத்துட்டு அப்படியே விட்டுடலாமா நீல்?" என்று கேட்டும் பார்த்தாள்.

"அப்புறம் என்ன மிச்சம் இருக்கும்?" என்றான் அவன், உருளைக்கிழங்கை மென்றுகொண்டே.

லோர்னா தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

மறுநாள் மதியம் கிளப்பில் டெரெக்கின் ஐம்பதாவது பிறந்தநாள். டெரெக் நீலின் பள்ளிக்காலக் கூட்டாளி. லோர்னா அரிசியைச் சுமந்துகொண்டு போனாள். நீல் அவளை ஒவ்வொரு மேஜையாகக் கூட்டிப் போய் நிறுத்தினான். ஆண்கள் கண்ணால் அளந்தார்கள். பெண்கள் வாயால் அளந்தார்கள். பிறகு பாட்டுப் போட்டார்கள். டெரெக் கையைப் பிடித்து இழுத்து அவளைச் சுற்றிவிட்டான். மூன்றாவது சுற்றில் ஒரு முடிச்சு அவிழ்ந்தது.

சட்டைக்கு அடியிலிருந்து அரிசி பொலபொலவென்று கொட்டியது. பளபளவென்றிருந்த மரத்தரை முழுக்கச் சிதறி ஓடியது.

"சர்ச் வாசல்ல அன்னைக்கே அரிசி நல்லாத் தூவிட்டோமேம்மா," என்றான் டெரெக். "இது எந்தக் கல்யாணத்துக்கு?"

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. லோர்னா நீலைத் தேடினாள். அவன் வந்து தன் கோட்டைப் போர்த்திக் கூட்டிப் போய்விடுவான் என்று நிஜமாகவே நம்பினாள். அவன் கண்ணில் நீர்வரச் சிரித்துக்கொண்டிருந்தான். "விடுங்கப்பா, இது சும்மா சாம்பிள். அடுத்த மாசம் நிஜமே வருது," என்றான்.

லோர்னா மண்டியிட்டு அரிசியை அள்ளினாள். டெரெக்கின் மனைவி டோனாவும் பக்கத்தில் குனிந்து அள்ளினாள். அவளுக்கு இரண்டாவது ஜோடி வைத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

"எனக்கு இந்தக் கை இன்னும் முழுசாத் தூக்க முடியலடி," என்றாள் டோனா, தரையைப் பார்த்தபடியே. "டெரெக்குக்குத் தெரியாது."

"சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லி?"

அடுத்த மாதம் ஆஸ்பத்திரியில், ஆபரேஷனுக்கு முன்னால், மார்பில் கோடு வரைய சர்ஜன் வந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி. திரையை இழுத்துவிட்டு, எல்லாரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"இன்னைக்கு என்ன பண்ணப்போறோம், உங்க வாயால சொல்லுங்க பாப்போம்."

வெறும் ஆஸ்பத்திரி வழக்கம்தான். ஆனால் இருபது வருடத்தில் இந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. லோர்னாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"எடுத்துடுங்க. திரும்ப எதுவும் வைக்காதீங்க."

சர்ஜன் பேனாவை மூடிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். தோல் சுருங்கித் தொங்கும், தழும்பு இருக்கும், பழைய மாதிரி வராது என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். அவசரமில்லை, வேறு நாள் வரலாம் என்றும் சொன்னார்.

"வேற நாள்னா என்னை வரவிட மாட்டாங்கம்மா."

வேறு படிவம் வந்தது. கையெழுத்து தெளிவாக விழுந்தது.

அவள் வீடு திரும்பிய வாரம் துக்கம் விசாரிக்க ஆட்கள் வந்தார்கள். ஆமாம், துக்கம்தான், நீலிடம். டெரெக் பீர் வாங்கி வந்து அவன் தோளைத் தட்டிக்கொடுத்தான். பிரெண்டா மகனுக்குப் பிடித்த இறைச்சி அடைத்துச் சுட்ட பேஸ்ட்ரி செய்து கொண்டுவந்தாள். "பாவம் பையன், எவ்வளவு ஆசையா இருந்தான்," என்று கீழே அவள் சொல்வது மாடிக்குக் கேட்டது. வலிக்கிறதா என்று கேட்க மாடியேறி வந்தவள் டோனா ஒருத்திதான். நீல் பின் அறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டான்.

பத்தாம் நாள் காலை கட்டு பிரித்தாகிவிட்டது. லோர்னா சட்டையைத் திறந்துபோட்டு ஜன்னலோரம் நின்றிருந்தபோது, நீல் காலுறை எடுக்க உள்ளே வந்தான். பார்த்ததும் சட்டென்று அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"திரும்பு நீல். தெரியாத ஆளில்ல. எனக்குப் பத்தொன்பது வயசுல பஸ்ல நீ பின்னாலயே வந்தியே, நீ இறங்கற ஸ்டாப்பையும் விட்டுட்டு, அந்தப் பொண்ணுதான். என்னை இப்படித்தானே உனக்குப் பிடிச்சுது?"

அவன் திரும்பினான். அவளை நேராகப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது. லோர்னாவுக்கு ஒரு கணம் நெஞ்சு பொங்கியது.

"ரொம்பப் பிடிச்சுது கண்ணு," என்றான். "அதனாலதானே அப்பவே சரிபண்ணினோம்."

வையவில்லை, குத்திக்காட்டவும் இல்லை. அன்போடுதான் சொன்னான். அந்த அன்புதான் அவளைக் கொன்றது. பஸ்ஸில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணுக்காக லோர்னா அழுதாள், சத்தம் போட்டே அழுதாள். நீல் காலுறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"சட்டையைப் போட்டுக்கயேன்," என்றான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சட்டையைத் தொடவில்லை.

"கதவைச் சாத்திட்டுப் போ," என்றாள்.