டிஸ்மிஸ்

தங்கம்மாள் அப்பாவின் உதட்டில் ஈரத்துணியை ஒற்றிக்கொண்டிருந்தபோது, வக்கீல் குமாஸ்தா ராமாமிர்தம் தந்தியோடு உள்ளே வந்தார். சென்னை ஹைகோர்ட்டுத் தீர்ப்பு.

“நம்ம அப்பீல் டிஸ்மிஸ், தங்கம்,” என்றார் மெல்ல.

கட்டிலில் கிடந்த கொளஞ்சி கண்ணைத் திறந்தார். சிதம்பரம் ஸ்டேஷனில் முப்பது வருஷம் கொடி ஆட்டியவர். அவருக்குத் தெரிந்த டிஸ்மிஸ் ஒன்றுதான்: ஆளை வெளியே அனுப்புவது.

“தம்பி வைத்திலிங்கத்த டிஸ்மிஸ் பண்ணிட்டாங்களா?”

குமாஸ்தா தங்கம்மாளைப் பார்த்தார். அவள் துணியைப் பிழிந்தாள். அண்ணன் தம்பி வீடுகளுக்கு நடுவிலிருந்த கிணற்றுக்கான வழக்கு. சிதம்பரத்தில் ஜெயித்து, கடலூரில் தோற்று, சென்னை வரை போய் ஒன்பது வருஷம் இழுத்துவிட்டது. இனி கிணறு முழுக்கச் சித்தப்பாவுக்கு. நாலு நாளாகக் கண் மூடாதவளுக்கு இதை எடுத்துச் சொல்லத் தெம்பில்லை.

“ஆமாம்பா.”

“அப்ப நம்ம கெணத்துத் தண்ணி ஒரு வாய் கொண்டா.”

சொம்பை எடுத்துக்கொண்டு வேலியைச் சுற்றிப் போனாள். சித்தி ரத்தினம்மாள் வாசலிலேயே மறித்தாள்.

“தந்தி எங்களுக்கும் வந்துச்சுடி. ஹைகோர்ட்டே சொல்லியும் சொம்பத் தூக்கிட்டு வர்றியே, அடுத்து லண்டனுக்கா?”

“அப்பாவுக்கு ரொம்ப முடியல சித்தி. ஜெயிச்சுட்டதா நெனச்சிக்கிட்டிருக்காரு. இந்தத் தண்ணிதான் வேணுங்கறாரு.”

உள்ளேயிருந்து சித்தப்பா வைத்திலிங்கம் வந்தார். சொம்பை வாங்கி, தானே இறைத்து நிரப்பி, அவளுக்கு முன்னால் நடந்தார். ஒன்பது வருஷமாக அவர் மிதிக்காத அண்ணன் வீட்டு வாசல்.

இரண்டு மடக்கு உள்ளே இறங்கியது. கொளஞ்சி தம்பியை அடையாளம் கண்டுகொண்டார்.

“கோர்ட்டு ஒன்ன வெளிய அனுப்புனா என்னடா? நீ புள்ளகுட்டிக்காரன். எப்பவும்போல மொண்டுக்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்.”

தங்கம்மாள் சித்தப்பாவின் முகத்தையே பார்த்தாள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஜெயித்தது யாரென்று அப்பாவுக்குத் தெரிந்துவிடும்.

வைத்திலிங்கம் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“சரிண்ணே,” என்றார்.

உச்சிப்பொழுதுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பெண்கள் வந்து கட்டிக்கொண்டு அழுதார்கள். தங்கம்மாளுக்கு அழுகை வரவில்லை. எங்காவது சாய்ந்து உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது. குளிப்பாட்டத் தண்ணீருக்கு எங்கே போவது என்று யாரும் கேட்கவில்லை. வைத்திலிங்கமே இறைத்துக்கொண்டிருந்தார்.

“போதும் மாமா, அண்டா நெறஞ்சி வழியுது,” என்றான் தங்கம்மாளின் புருஷன் பழனிவேல்.

அவர் காதில் விழவில்லை போலிருக்கிறது. வாளி மறுபடியும் கிணற்றுக்குள் இறங்கியது.